இடப்பக்கம் சாய்ந்த தலை

திருப்பதியில் நான் வேலை செய்யும் விடுதியில் தனி ஆளுக்கு அறை கிடையாது. ஒரு நாள் ஒரு பெரியவர் தனியாக வந்தார். மீசைக்குச் சாயம் பூசியிருந்தார். கொங்கணி நாடக நடிகராம். எதைக் கேட்டாலும் தலையை இடப்பக்கம் சாய்த்து, யாரோ சொல்வதைக் காதில் வாங்குவதுபோல் நின்றுவிட்டுத்தான் பதில் சொன்னார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், என்னையா ஏமாற்றுவது? அறை பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் எவனோ ஃபோனில் சொல்லிக்கொடுக்கிறான் என்று எட்டிப் பார்த்தேன். காதில் ஒன்றுமில்லை.

“யாரு சார் சொல்லிக் குடுத்துக்கினு இருக்காங்க?”

“மேடையில நாப்பது வருஷம் என் வைஃப்தான் திரைக்குப் பின்னால நின்னு வசனம் எடுத்துக் குடுத்தா. போன வருஷம் இறந்துட்டா. பழக்கம் போகலம்மா.”

“எத்தனை பேர் தங்கறீங்க?”

தலையைச் சாய்த்தார். “ரெண்டு பேர்.”

அப்படியே எழுதிச் சாவியைக் கொடுத்தேன். அதுவும் நடிப்புதானோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.