பஸ்ஸுக்கு மட்டும் காவி

மண்டபத்துக் கடற்கரையில் வேதநாயகத்தைக் கிறுக்கன் என்று சொல்லாத ஒரே ஆள் அவனுடைய மதினி செபஸ்தியம்மாள். வயது இருபத்திரண்டு அவனுக்கு. முகம் பார்த்துப் பேச மாட்டான். தொட்டால் அலறுவான். உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே முனகுவான். அண்ணன் சவேரியார் கடலுக்குப் போகும்போது, தம்பி தண்ணீரில் இறங்கிவிடக் கூடாதென்று வீட்டுத் தூணில் கயிற்றால் கட்டிவிட்டுப் போவார். ஊரில் அதற்குப் பாசம் என்று பெயர்.

ராமநாதபுரத்தில் கருவாட்டுக் கடை வைத்திருந்த ஹாஜா முகைதீன், சரக்கெடுக்க வந்த இடத்தில் இவன் கருவாட்டை இனம் பிரித்து அடுக்குவதைப் பார்த்துவிட்டு, வேலை தருவதாகச் செபஸ்தியம்மாளிடம் சொன்னார்.

"ஆனா தனியா வரணும்மா. துணைக்கு ஒரு ஆளும் வந்து உக்காந்தா எனக்குக் கட்டுப்படியாகாது."

இனி தூண், இல்லையென்றால் பஸ்.

செபஸ்தியம்மாள் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தாள். பிறகு பின் சீட்டில், யாரோ எவளோ மாதிரி. டிக்கெட் வாங்குவது, நடுவழியில் உச்சிப்புளியில் பஸ் நின்றால் எழுந்திரிக்காமல் இருப்பது, கடைசியில் இறங்கி நேரே கடைக்குப் போவது எல்லாம் அவனுக்குப் படிந்துவிட்டது. பஸ்ஸில் வந்த சனத்துக்குத்தான் ஒன்றும் படியவில்லை.

தனியாகப் போன அன்று, ராக்கு என்ற பெண் அவன் ஆடுவதைப் பார்த்துப் பேய் என்று முடிவு செய்து, உச்சிப்புளியில் இறக்கி நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். மறுநாள் பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் ஓதி ஊதிக் கையில் கயிறு கட்டினார். அதற்கும் மறுநாள் எங்கள் மாதா கோயில் உபதேசியார், முந்திய ரெண்டு பேரும் பேயை வளர்த்துவிட்டார்கள் என்று தீர்த்தம் தெளித்தார். மூன்று நாளும் அலறிக்கொண்டே பாதி வழியில் திரும்பி வந்தான். மதங்களுக்குள் அப்படியொரு ஒற்றுமையை நான் கண்டதில்லை.

சவேரியார் கயிற்றை எடுத்தார்.

"நாளைக்கு ஒருநா பொறுங்க" என்றாள் செபஸ்தியம்மாள். வேளாங்கண்ணி நேர்ச்சைக்குப் புருஷன் கட்டிய காவி வேட்டியையும் துண்டையும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொழுந்தனுக்கு உடுத்திப் பஸ் ஏற்றினாள்.

"சாமி நேர்ச்சையில இருக்காரு. தொடக் கூடாது, பேச்சுக் குடுக்கக் கூடாது."

கண்டக்டர் பால்சாமி உற்றுப் பார்த்தார். "நேத்து அலறுன பயதான தாயி இது?"

"நேத்து நேர்ச்சை இல்ல."

அதே ஆட்டம், அதே முனகல். ராக்கு எழுந்து சன்னல் ஓரத்தை ஒழித்துக் கொடுத்தாள். "தியானத்துல இருக்காரு, சத்தம் போடாதீங்கடி." பால்சாமி விரல் படாமல் டிக்கெட்டை நீட்டினார். ராமநாதபுரத்தில் கூட்டமே ஒதுங்கி வழிவிட்டது.

ஹாஜா முகைதீன் மேலும் கீழும் பார்த்தார். "என்னப்பா, கருவாடு பொறுக்கக் காவியா?"

வேதநாயகம் வேட்டியை அவிழ்த்து ஆணியில் மாட்டினான். உள்ளே அரைக்கால் சட்டை. நெத்திலியை ஒரு கூடையில் ஒதுக்கிக்கொண்டே, ஆளைப் பார்க்காமல் சொன்னான்.

"அது எனக்கு இல்ல. பஸ்ல வாரவுகளுக்கு."

சாயங்காலம் யாரும் சொல்லாமலே அதைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். செபஸ்தியம்மாள் அவனைக் கட்டிப்போட்ட கயிற்றைத் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டி, காவியைத் துவைத்து அதில் காயப்போட்டாள்.