கடை விலாசத்தில் போன நீட்சி

அக்கரப்பத்தனையில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் காம்பராக்களுக்குக் கதவு எண் கிடையாது. கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கேயே கிடந்து, நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கைக்குக் கிடைக்கும். அதனால் முக்கியமான எதற்கும் டவுனில் போன், போட்டோகாப்பி, இன்டர்நெட் எல்லாம் உள்ள கம்யூனிகேஷன் கடை விலாசத்தைத்தான் கொடுப்போம். எனக்கும் அது ஊறிப்போன பழக்கம்.

அந்தக் கடைக் கணினியில்தான் என் நீட்சியை இணையத்தில் வெளியிட்டேன். டெக்ஸ்ட் எடிட்டரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல் அது. தமிழில் எழுதுகிறவர்களுக்குப் பிழை காட்டும். எட்டு மாதம் மண்டையை உடைத்து எழுதியது. பதிவுப் பக்கம் மின்னஞ்சல் கேட்டது. எனக்கென்று ஒன்று இருந்தும் கடையினுடையதைக் கொடுத்தேன். வெளியிட்டவர் பெயராகவும் கடைப் பெயரே விழுந்தது. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு வருடம் தொல்லையில்லை. பிறகு எடிட்டரின் புதுப் பதிப்பு வந்தது. என் நீட்சி, சேமிக்கும்போதெல்லாம் கடைசிப் பக்கங்களை விழுங்க ஆரம்பித்தது. ஓர் ஆசிரியை, தன் பாடக்குறிப்பு முழுவதும் போய்விட்டதாக நீட்சியின் பக்கத்தில் எழுதியிருந்தார். அரை நாளில் திருத்திவிட்டேன். வெளியிடப் போனால் என் வெளியீட்டு அனுமதி காலாவதி. புதுப்பிக்கும் இணைப்பு கடை மின்னஞ்சலுக்குத்தான் போகுமாம்.

பஸ் பிடித்துக் கடைக்கு ஓடினேன். முதலாளி அசையவில்லை.

"அந்த மெயில்ல எத்தன பேரோட பாஸ்போர்ட்டு கெடக்கு தெரியுமா தம்பி? ஒனக்குத் தொறந்து விட ஏலாது."

"நீங்களே தொறந்து அந்த லிங்க்க மட்டும் அமத்துங்க முதலாளி."

"அது கடைப் பேர்ல உள்ள சாமான், ஒனக்கு ஏன் குடுக்கணும்? நன்றின்னு எழுதுறவங்களும் கடைக்குத்தானே எழுதுறாங்க?"

சுவரைக் காட்டினார். அந்த நன்றிக் கடிதங்களை அச்செடுத்து, மேலே 'எங்கள் தயாரிப்பு' என்று ஒட்டியிருந்தார். கிழித்தெறிந்திருப்பேன். ஆனால் அம்மாவின் கிளினிக் கடிதமும் அந்தக் கடைக்குத்தான் வரவேண்டும். படியிறங்கினேன்.

திருத்தியதை வேறு பெயரில், என் சொந்த மின்னஞ்சலில் வெளியிட்டேன். முதல் கருத்து அந்த ஆசிரியையிடமிருந்தே வந்தது: "யாரும் இதை எடுக்காதீர்கள். யாரோ கடைக்காரருடையதைத் திருடிப் போட்டிருக்கிறார்கள். அவர் திருத்தித் தரும்வரை பொறுத்திருங்கள்."