முப்பது நோன்புக்காக நான் தடவிய கிரீம்

சென்ற ரமலானில் பதினான்காம் நோன்பு. மதியத் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்ல இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எங்கள் வீட்டுக் கக்கூஸில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே நான் காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லக் கூடாது. அதனால் பிஸ்மில்லா கூடச் சொல்லவில்லை. பினாயில் நாற்றமும் என் மேல் வீசிய ரத்த வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. ஆனாலும் விழுங்கினேன். சகோதரிகளே, என்னை நினைத்து எனக்கே சீ என்று ஆன நாள் அது.

நான் மேலப்பாளையத்துக்காரி. வயது நாற்பத்து மூன்று. என் கணவர் வளைகுடாவில் இருக்கிறார். இங்கே நானும் அவருடைய அம்மாவான என் மாமியும்தான். இரண்டு வருடமாக எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக இல்லை. ஒரு மாதம் இருபது நாளில் வரும், அடுத்தது இரண்டு மாதம் ஆனாலும் வராது. வந்தால் கட்டி கட்டியாகப் போகும். அதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை, கணவரின் அக்காவான மைனியிடம் மட்டும் போனில் சொன்னேன். மைனியும் என் கணவர் இருக்கும் ஊரில்தான் இருக்கிறார்.

"ஒரு கிரீம் இருக்குளா. இயற்கை புரோஜெஸ்டிரோன். கிழங்குல இருந்து எடுக்காங்க, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி, விடுமுறையில் ஊருக்கு வந்த என் கணவரிடம் நான்கு டியூப் கொடுத்துவிட்டார்.

மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி, பதினான்காம் நாள் முதல் இரண்டு வாரம் தடவ வேண்டும். பிறகு நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அப்படித்தான் செய்தேன். நான்கு மாதம் கடிகாரம் மாதிரி வந்தது. கிழங்குதானே என்று டாக்டரிடம் போகவே இல்லை. அது என் முதல் தப்பு.

அடுத்த தப்பு ரமலானில். கணக்குப் பார்த்தால், கிரீமை நிறுத்த வேண்டிய நாள் முதல் நோன்புக்கு இரண்டு நாள் முன்னால் விழுந்தது. நிறுத்தினால் மாதவிலக்கு வந்து, நோன்பு பிடிக்கக் கூடாத நாட்களாக முதல் வாரமே போய்விடும். ஒவ்வொரு வருடமும் ஏழு நோன்பு இப்படித்தான் போகும், விட்டதற்கு ஈடாகப் பிறகு களா நோன்பு பிடிப்பேன். எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். ஆனால் எனக்குப் பேராசை. ரமலானில் தெருப் பெண்கள் எங்கள் வீட்டில்தான் லுஹருக்குப் பின் குர்ஆன் ஓதக் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் முப்பதும் பிடித்தவள் என்ற பெயர் வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மைனியிடம் கேட்டேன். "நிறுத்தாத. தடவிக்கிட்டே இரு, வராது" என்றார். காலையும் மாலையும், இரண்டு மடங்காகத் தடவினேன். எட்டு நோன்பு வரை வரவில்லை. "எனக்கு இந்த வருசம் களாவே கிடையாது" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் கசிய ஆரம்பித்தது. முதலில் பழுப்பாக, பிறகு சிவப்பாக. நிற்கவில்லை. தொழுகையும் நோன்பும் அத்தோடு போயிற்று. அதை வாய் திறந்து சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. விடியலுக்கு முன் ஸஹர் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் எழுந்தேன். தொழுகை வரிசையில் நின்று வெறும் உதட்டை அசைத்தேன். ஒளு என்ற சுத்தம் இல்லாத கையால் குர்ஆனை எடுத்து மடியில் வைத்தேன். கிரீமையோ விடவில்லை, இன்னும் கூடத் தடவினேன். தொடையெல்லாம் அந்தப் பிசுபிசுப்பு. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பதினான்காம் நோன்பன்று அந்த ரொட்டியைத் தின்றுவிட்டு வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். தொழ முடியாது, துஆ கேட்கலாம் அல்லவா? "யா அல்லாஹ், இந்த ரத்தத்தையும் பொய்யையும் என்னால் நிறுத்த முடியவில்லை. எப்படியாவது என்னை இதிலிருந்து எடுத்துவிடு" என்று கேட்டு அழுதேன்.

மறுநாளே எடுத்தான். ஓதி முடித்து எழுந்தபோது, நான் உட்கார்ந்திருந்த வெள்ளை விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பக்கத்தில் இருந்தவள் தன் துணியை இழுத்து ஒதுக்கிக்கொண்டாள். மாமிதான் எழுந்து வந்து, தன் துப்பட்டியைக் கறை மேல் போட்டார். "ஏளா ஜெமிலா, இங்கன வா" என்று உள்ளே கூட்டிப் போனார்.

"எத்தன நாளா இருக்கு?"

"ஏழு நாளா மாமி."

"அப்ப நோன்பு?"

எல்லாவற்றையும் சொன்னேன். மாமி என் முகத்தையே பார்த்தார். "எனக்கு உன்னப் பாத்தா அருவருப்பாத்தான் இருக்கு. ரத்தத்துக்கு இல்ல. அது எனக்கும்தான் வந்துச்சு. குர்ஆன மடியில வச்சுக்கிட்டு நடிச்சியே, அதுக்குச் சொல்லுதேன்." பிறகு, "அடுப்படில சோறு இருக்கு. உக்காந்து தின்னு. டாக்டர்ட்ட போவோம்" என்றார்.

அன்று மாலையே ஆட்டோ பிடித்துப் பாளையங்கோட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். டாக்டர் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன நாளா விடாம தடவுதீங்க?"

"ஒரு மாசமா, டாக்டர்."

"இயற்கைன்னா மருந்து இல்லன்னு அர்த்தமாம்மா? ஒழுங்கா வெளிய போக விடாம பிடிச்சு வச்சீங்க, அதான் இப்படிக் கசியுது. இன்னையோட நிறுத்துங்க. நல்லாப் போயிட்டு நிக்கும்."

நிறுத்திய மூன்றாம் நாள் பெருக்காக வந்தது. ஐந்து நாள் போனது. ஆறாம் நாள் சுத்தம். குளித்துவிட்டு லுஹருக்குத் தொழுகை விரிப்பில் நின்றேன். தொழுகையைத் தொடங்கும் தக்பீரை அழுதுகொண்டே சொன்னேன்.

அதன் பிறகு டாக்டர் சொன்ன அளவில், அவர் குறித்துக் கொடுத்த நாட்களில் மட்டும் தடவுகிறேன். முதல் மாதம் தள்ளிப் போனது. மூன்றாம் மாதத்திலிருந்து சீராக வருகிறது. எனக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று நான் சொல்லமாட்டேன். டாக்டரைக் கேளுங்கள். விட்டுப்போன நோன்புகளையும் பிடித்து முடித்தேன்.

பெருநாள் கழிந்து ஒரு நாள், அன்று துணியை ஒதுக்கிக்கொண்டாளே, அவள் வந்தாள். "அக்கா, நானும் ரமலான் முழுக்க மாத்திர போட்டுத் தள்ளி வச்சேன். இப்ப நிக்கமாட்டேங்குது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளையும் அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

சகோதரிகளே, அல்லாஹ்விடம் கேளுங்கள். அவன் தரும் பதில் நாலு பேர் முன்னால் உங்களைக் கூசவைத்தாலும் பயப்படாதீர்கள். மாதத்தில் சில நாள் தொழ வேண்டாம் என்று நமக்குச் சொன்னவன் அவன்தான். அந்த நாட்களில் "எனக்குத் தொழுகை இல்லை" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அதுவும் அவனுக்குக் கீழ்ப்படிவதுதான்.