கூறைப்புடவையை வெட்டிய மார்கழி

கணவர் காய்ச்சலில் போன பிறகு வந்த முதல் மார்கழி அது. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்தில், சுரங்கக் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட, மூங்கில் தட்டிச் சுவர் வைத்த லைன் வீட்டில் நானும் மூன்று வயது மகளும் இருந்தோம். தங்க வயலின் காற்றுக்கு அந்தத் தட்டி ஒரு பொருட்டே இல்லை. இருந்த ஒரே கம்பளியும் பொத்தல். பழைய துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். அதுவரை நான் ஊசி பிடித்தது கோணி மூட்டையின் வாயைத் தைக்க மட்டும்தான்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு என் வயதுதான். மிஷன் பள்ளியில் தையல் படித்தவள். நான் பெருக்கித் துடைக்கும் துரை பங்களாவில் எட்டுமுனை நட்சத்திரம் வைத்த போர்வை ஒன்றைப் பார்த்திருந்தேன். அதைக் கரியால் தரையில் வரைந்து அவளுக்குக் காட்டினேன்.

"மொதல் போர்வையே நட்சத்திரமா? சாய்ச்சி வெட்டுனா துணி இழுத்துக்கும். சதுரமா வெட்டு, நேரா தெச்சிட்டுப் போலாம்."

"எனக்கு நட்சத்திரந்தான் வோணும்."

"தெச்சிப் பாரு, போ."

மாவு மூட்டைத் துணியை வெட்டித் தைத்துப் பார்த்தேன். நடுப்பகுதி பணியாரம் போல உப்பிக்கொண்டது. ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் எழும்பியது. இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். மூன்றாம் நாள் அதைச் சுருட்டிக்கொண்டு போய் அவள் முன்னால் போட்டேன். அவள் சிரிக்கவில்லை. சதுரமான பிஸ்கட் டப்பா மூடி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இத்த வெச்சிக் கோடு போடு. அழுத்த நெறம் ஒண்ணு, வெளுத்த நெறம் ஒண்ணு, மாத்தி மாத்தி வை."

துணி என் பெட்டியிலேயே இருந்தது. அவருடைய இரண்டு வேட்டி, வேலைக்குப் போட்ட நீலச் சட்டை, என் மஞ்சள் புடவை, அரக்கு நிறக் கூறைப்புடவை. நிறப்புடவை இனி உனக்கு எதற்கு என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தோம். ஒரு வேட்டி பர்ரென்று கிழிந்தது. சட்டை ரொம்பத் தடிமன். பக்கத்தில் வைத்தால் புடவைத் துணியை அது கிழித்துவிடும் என்றாள். அதைத்தான் நான் முதலில் வைக்க நினைத்திருந்தேன். மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். கூறைப்புடவை சாயம் விட்டது. தண்ணீர் தெளியும் வரை உப்பு நீரில் ஊறவைத்து அலசினேன்.

அது காய்ந்த அன்றுதான் என்னை ஊருக்கு அழைத்துப்போக குடியாத்தத்திலிருந்து அண்ணன் ரயிலேறி வந்தது. நான் கத்தரிக்கோலும் கையுமாக இருந்தேன்.

"கூறப்பொடவையவா வெட்ற? செத்தவன் துணியோட சேத்துத் தெச்சி, அத்தக் கொழந்த மேல போத்துவியா?"

"பொட்டியில வெச்சா பூச்சிதான் திங்கும். கொழந்தைக்குக் குளுருதுண்ணா."

"நம்ம வூட்ல குளுராது. கெளம்பு."

"நான் வரல. எனக்கு இங்க வேல கீது."

அண்ணன் எதிரில் அப்படி நான் பேசியதே இல்லை. ஆனாலும் போட்ட கோட்டை விட்டு விலகாமல் வெட்டினேன். அண்ணன் புடவை மடங்கி மடங்கி விழுந்து என்னைப் படுத்துவதைப் பார்த்துவிட்டு, வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டது.

"அடிப்பக்கம் இன்னா போடுவ?" என்று கேட்டது.

"இன்னும் கெடைக்கல."

அண்ணன் தலைப்பாகையை அவிழ்த்தது. நீளமான, கெட்டியான வெள்ளைத் துணி. அதை என் மடியில் போட்டுவிட்டு, மறுநாள் வெறுந்தலையோடு ரயிலேறியது. பொங்கலுக்குப் பிறகும் ஒரு தரம் கூப்பிட வந்தது. அப்போதும் நான் போகவில்லை.

மாசியில் தைத்து முடித்தேன். ஏழெட்டு இடங்களில் சதுரங்களின் மூலைகள் பொருந்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். நான் பிரிக்கவில்லை. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது, எடுத்து வைக்கலாம் என்றால் மகள் விடவில்லை. பகலிலும் அதை விரித்து, கூறைப்புடவைச் சதுரங்களை மட்டும் மிதித்து ஒவ்வொன்றாகத் தாவிக்கொண்டிருந்தாள்.