எழுத்தோடு ஒரு காட்சி

மதுரையில் ஒரு தியேட்டர் மேலாளரின் அறை வாசலில்தான் அவரை முதலில் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், காய்ப்புக் காய்த்த கைகள், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் வெடி வைத்து வைத்தே காது போனவர். தன் குரலின் அளவு தெரியாமல், வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி பேசினார்.

"படத்துக்குக் கீழ தமிழ்ல எழுத்துப் போடுங்கண்ணே. வாரத்துல ஒரு காட்சி போதும்."

மேலாளர் கையை விரித்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் இதைக் கேட்க வந்துவிடுவாராம். டிக்கெட் கிழிப்பவர் சொன்னார்.

உள்ளே எனக்கு அடுத்த இருக்கை அவருடையது. 'ஓடிடியில் எழுத்தோடு வருமே, வீட்டிலேயே பார்க்கலாமே' என்று செல்போனில் தட்டிக் காட்டினேன்.

"அதெல்லாம் அம்புட்டும் பாத்தாச்சு மாப்ள. வீட்ல ஒத்தையா ஒக்காந்து சிரிச்சா அது சிரிப்பா? சனத்தோட சேந்து சிரிக்கணும்ல."

படம் ஓடியது. ஒரு வசனத்துக்கு அரங்கமே சிரித்தபோது, அவர் திரையை விட்டுவிட்டுப் பக்கத்து முகங்களைப் பார்த்தார். வசனத்தை அவசரமாகத் தட்டிக் காட்டினேன். படித்ததும் உரக்கச் சிரித்தார். அதற்குள் திரையில் சாவு வீடு வந்திருந்தது. முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

இடைவேளையில் மறுபடி மேலாளர் அறைப் பக்கம் கிளம்பினார். 'இப்போதுதானே கேட்டீர்கள்?' என்று எழுதிக் காட்டினேன்.

"அப்ப நான் ஒருத்தன். எந்திரி மாப்ள, இப்ப ரெண்டு பேராக் கேப்போம்."

எழுந்து பின்னாலேயே போனேன். அவர் ஏற்கெனவே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.