கூடை, ஏணி, தேத்தண்ணி

ரோதை சுற்றிக்கொண்டிருக்கிறது. வலது கையால் வாடிய தேயிலைக் கொழுந்தை அதற்குள் தள்ளிவிட்டபடி நிற்கும் வீரய்யா, இடது கையால் விளக்குமாற்றுக் கட்டையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறார். ஆள்காட்டி விரல் ஓரிடம், நடுவிரல் ஓரிடம், மோதிர விரல் ஓரிடம். பிறகு மூன்றையும் எடுத்து, உதட்டைக் கடித்து, வேறு மூன்று இடங்களில் வைக்கிறார். பக்கத்தில் வேலை செய்பவர்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

"என்னா வீரய்யாண்ணே, வெளக்குமாறு பாடுதா?"

"இன்னும் பேச்சு வரல. ரெண்டு மாசத்துல பாடும்."

எந்த மாதம் கேட்டாலும் இதே பதில்தான்.

வயது நாற்பத்தெட்டு. கொட்டகலைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து அரைக்கிற இந்த ரோதையோடு இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவர். போன ஆவணியிலிருந்து கிட்டார் படிக்கிறார். நான் தோட்டத்துப் பாடசாலை வாத்தியார். என் வீட்டுச் சுவரும் அவர் குடியிருக்கும் லயத்து வரிசைவீட்டுச் சுவரும் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்பவை. ஆகவே அவர் படிப்பதையெல்லாம் நானும் வேண்டாவெறுப்பாகப் படித்துவிட்டேன்.

கிட்டார் அவருடையதல்ல. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, வீடு வீடாகப் போகும் மாதா கோயில் பாட்டுக் குழுவில் வாசித்த டக்ளஸ் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போனது. வீரய்யாவுக்கு அது இன்னொரு மெஷின், அவ்வளவுதான். கையில் கிடைத்த அன்றே கம்பி முறுக்கும் ஆணிகளுக்கெல்லாம் ரோதை எண்ணெய் விட்டார். விடிவதற்குள் கம்பிகள் தாமாகவே அவிழ்ந்து தொங்கின. பிறகு ஸ்பேனரைப் போட்டு இறுக்கினார். ஒரு கம்பி அறுந்து பறந்துபோய், அவர் மனைவி சண்முகவடிவு அப்போதுதான் இறக்கி வைத்த ரசத்துக்குள் விழுந்தது. ஆயுத பூசைக்கு ஸ்டோரைக் காக்கிற ரோதமுனிக்குப் படையல் வைத்தபோது கிட்டாரையும் பக்கத்தில் சாத்தி விபூதி பூசினார். படையலில் இருந்த எலுமிச்சம்பழம் ஒன்று அதன் ஓட்டைக்குள் விழுந்து, ஒரு வாரம் உள்ளேயே உருண்டது. "முனி உள்ளதாங்க இருக்காரு. சத்தம் கேக்குதுல்ல?" என்று என்னிடம் பெருமையாக ஆட்டிக் காட்டினார்.

சுருதி சேர்ப்பதும் ரோதையை வைத்துத்தான். அதன் உறுமலுக்குத் தடித்த கம்பியைப் பொருத்திவிட்டு, மற்றவற்றை அதன் பின்னால் வரிசையில் நிறுத்துவார். கொழுந்து அதிகம் வருகிற நாட்களில் ரோதைக்குச் சுமை கூடி உறுமல் இறங்கிவிடும். அன்றைக்கு வீரய்யாவின் கிட்டாருக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும்.

படிப்பித்தவள் அதே பாட்டுக் குழுவில் பாடும் பெற்றீசியா. இருபத்திரண்டு வயது. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் வேலை. நாலரைக்குக் குழந்தைகளெல்லாம் வீடு போனபின், அங்கேயே தொட்டில்களுக்கு நடுவில் பாடம். ஊரில் அவளை "ஏ புள்ள" என்று கூப்பிடுகிறவர், பிள்ளைக்காம்பரா படியில் செருப்பைக் கழற்றியதும் "டீச்சரம்மா" என்பார். அவள் மட்டும் உள்ளேயும் வெளியேயும் "மாமா"தான்.

மூன்றே மூன்று பிடிகள் அவள் சொல்லிக் கொடுத்தாள். ஜீ, சீ, டீ. அந்த இங்கிலீஷ் எழுத்துகள் வீரய்யாவின் தலையில் ஏறவில்லை. ஜீயையும் சீயையும் மாற்றி மாற்றிப் பிடித்து ஒரு மாதம் போனது. கடைசியில் அவரே பெயர் வைத்துக்கொண்டார். விரல்கள் அகன்று நிற்கிற ஜீ, கூடை. படிப்படியாக இறங்குகிற சீ, ஏணி. டீ என்றால் வேறென்ன, தேத்தண்ணி! "இப்ப சொல்லுங்க டீச்சரம்மா, எவன் மறப்பான்?" பெயரை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் விரல் நகராது. அதனால் அவர் வாசிப்பதைக் கேட்பவர்களுக்கு, சந்தைக்குப் போகும் ஒருவர் வாங்க வேண்டிய சாமான்களை முணுமுணுப்பதுபோல் இருக்கும்.

"இந்த வயசுல எதுக்குங்க இது?" என்று ஊரே கேட்டது. "சும்மா ஒரு ஆச" என்று ஊருக்குச் சொன்னார். உண்மையை எனக்குச் சொன்னார். சுவர் பங்காளி என்ற உரிமை.

அவருக்கு ஒரே அக்கா, ராக்காயி. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு லயத்தில் இருக்கிறாள். இரண்டு மைல்கூட இல்லை. ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அவள் மகள் வயதுக்கு வந்த சடங்கு வீட்டில், தாய்மாமன் என்ற முறுக்கோடு சபை நடுவில் உட்கார்ந்து, அக்கா தந்ததை ஒரு மிடறு குடித்துவிட்டு வீரய்யா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இது தேத்தண்ணியா, சட்டி கழுவுன தண்ணியா?" என்று கேட்டுவிட்டார். ஸ்டோர்காரன் திமிர். ராக்காயி அந்த இடத்திலேயே டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். "இனி நீயா வாயத் தொறந்து தேத்தண்ணி குடுன்னு கேக்குற வரைக்கும் இந்த வீட்டுல ஒனக்கு ஒரு சொட்டு கெடையாது." இவரும் விடவில்லை. "கேட்டா நான் வீரய்யா இல்ல."

ஒன்பது வருடம் இரண்டு பேரும் சொன்ன சொல்லில் நின்றார்கள். எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் செருப்பைப் பார்ப்பார்.

"ஆனா நத்தார் பாட்டுக்காரங்க வந்தா எந்தச் சாமி கும்புடுற வீடா இருந்தாலும் உள்ள கூப்புட்டுத்தானே ஆகணும்? வாசல்ல நிப்பாட்ட முடியாதுல்ல? நானாவும் போகல, அவளாவும் கூப்புடல. பாட்டு கூட்டிட்டுப் போவுது. அக்கா மொகத்தப் பாத்து ஒம்பது வருசம் ஆச்சுங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கிட்டார் எதற்கு, பாட முடியாதா என்றேன். பாடிப் பார்த்தாராம். குழுவே எழுந்து போய்விட்டதாம். காலியாக இருந்தது டக்ளஸ் இடம் ஒன்றுதான்.

டிசம்பர் இருபத்துமூன்றாம் திகதி பின்னேரம் ஐந்தரைக்கே பனி இறங்கிவிட்டது. பாட்டுக் குழு வீடு வீடாகப் புறப்பட்டது; பெற்றோல்மாக்ஸ் விளக்கு என் கையில். முதல் ஏழு வீடுகளிலும் வீரய்யா கூடையை மட்டுமே பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. எட்டாவது வீடு ராக்காயியுடையது.

கதவைத் திறந்தவள் எங்கள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, தம்பியிடம் வந்ததும் பார்வையை விளக்குக்கு மாற்றினாள். "பாட்டுக்காரவுங்க எல்லாரும் உள்ள வாங்க" என்று விளக்கிடம் சொன்னாள். வீரய்யா கடைசி ஆளாகக் குனிந்து நுழைந்தார்.

பாட்டு தொடங்கியது. அக்கா அடுப்படி நிலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முன்னால் ஒரே பிடியில் வாசிக்க வீரய்யாவுக்கு ரோசம் இடம் தரவில்லை. கூடையிலிருந்து ஏணிக்கு ஏறிவிட்டார். ஏறியவருக்கு இறங்கத் தெரியவில்லை. பாட்டு அவருக்காகக் காத்து நின்றது. பெற்றீசியா கண்ணால் காட்டினாள், தலையால் காட்டினாள். வேர்த்து வழிந்த வீரய்யா, விரலை நகர்த்துவதற்காக வாயைத் திறந்தார்.

"தேத்தண்ணி!" என்றார். விரல் வரவில்லை. இன்னும் உரக்க, "தேத்தண்ணி! தேத்தண்ணி!"

பாட்டு நின்றுபோனது. ராக்காயி கட்டிய கையை அவிழ்த்தாள்.

"என்னா கேட்ட?"

பெற்றீசியா பதறிப்போய், "இல்ல பெரியம்மா, அது வந்து..." என்று தொடங்கினாள். வீரய்யா அவள் காலை ஓங்கி மிதித்தார்.

"தேத்தண்ணிதான்க்கா கேட்டேன்."

"நல்லாக் கேக்கல."

"தேத்தண்ணி குடுக்கா."

ராக்காயி அடுப்படிக்குள் போனாள். ஊதுகுழல் சத்தம் வெகுநேரம் கேட்டது. நெருப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. டம்ளரில் தேத்தண்ணிச் சாயம் கறுகறுவென்று இருந்தது.

அதற்குள் வீரய்யாவின் மூன்று விரல்களும் எப்படியோ சரியான கம்பிகளில் போய் உட்கார்ந்துவிட்டன. நாலு மாதத்தில் முதல் தடவை. வலது கையால் ஒருமுறை மீட்டினார். சுத்தமான டீ.

"இந்தா, பிடி."

"கைய எடுத்தா திரும்ப வராதுக்கா."

ராக்காயி அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டம்ளரை மூன்று தரம் ஊதி, ஒரு கையால் தம்பியின் பின்னந்தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதை அவர் வாயில் வைத்தாள்.