ஒற்றை வயரில் பாடிய ரிக்கார்டு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பேண்ட் செட்டையும் மைக் செட்டையும் ஒரே கடையில் வைத்து நடத்திக் காட்டிய முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை மூட்டை தூக்கி ஒரு ஆம்ப்ளிபயர் வாங்கினேன். அதிலிருந்து ஒரு பேண்ட் செட்டுக்கே சிவப்புச் சட்டை தைத்துப் போடுகிற நிலைக்கு வந்தேன். எனக்கு ஊதத் தெரியாது. ஊதுகிறவன் யார் என்று பார்த்தவுடனே தெரியும். அப்படி நான் பொறுக்கி எடுத்த இரண்டு பேர் செல்லப்பாவும் ஆதமும்.

இரண்டு பேருக்கும் ஆல்டோ சாக்ஸபோன்தான். கழுத்தில் வார் போட்டு மாட்டுகிற வளைந்த பித்தளைக் குழல். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பாட்டின் முதல் அடியைச் செல்லப்பா வாசிப்பான், மறு அடியை ஆதம் வாங்கிக்கொள்வான். எவன் விட்டான், எவன் பிடித்தான் என்று தெரியாது.

"ஏலே, ஒங்க ரெண்டு பேருக்கும் நெஞ்சு ஒண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெஞ்சு ரெண்டுதான் அண்ணாச்சி, பசிதான் ஒண்ணு. சாப்பாட்டுக்குச் சொல்லும்" என்றான் ஆதம். அவன் அப்படித்தான்.

எழுபத்தாறில் மஞ்சள்காமாலை ஆதமைக் கொண்டுபோய்விட்டது. பினாங்கில் இருந்த அவன் மச்சானுக்குச் செய்தி எட்டும் முன்னே அவர் அனுப்பிய பார்சல் ஒன்று வந்து சேர்ந்தது. ஆதமின் சம்சாரம் ஜெய்னப் அதைச் செல்லப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணே, ரெண்டு பேர் படம் போட்டிருக்கு. ஒங்க ரெண்டு பேருக்கும்னுதான் வாங்கி அனுப்பியிருக்காவ."

அமெரிக்கா ரிக்கார்டு. ஜாஸ் என்று பேர். அட்டையில் கோட்டுப் போட்ட இரண்டு கறுத்த ஆட்கள், ஆளுக்கொரு ஆல்டோவோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

என் மிஷினில் போட்டேன். முள்ளிலிருந்து இரண்டு வயர் வரும். என் ஆம்ப்ளிபயருக்கு ஒன்று போதும். மற்றதை மடக்கி டேப் சுற்றிவிடுவேன். அன்றைக்கு எல்லா மைக் செட்காரனும் அப்படித்தான் செய்தான். சினிமாப் பாட்டுக்கு அதனால் ஒரு குறையும் வந்தது கிடையாது.

ஒரு ஆல்டோ வாசித்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. டிரம் மட்டும் தட்டிக்கொண்டு போனது. பிறகு அந்த ஆல்டோ, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி மறுபடி எடுத்தது. முழுக்க அப்படியே.

செல்லப்பா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அட்டையிலே ரெண்டு பேர் நிக்கான், வாசிக்கது ஒருத்தன். அண்ணாச்சி, மத்தவன் செத்துட்டான். அவன் எடத்தை அடைக்காம விட்டு வாசிக்கான்."

எனக்கும் சரி என்றுதான் பட்டது.

அதற்குப் பிறகு செல்லப்பா தன் அடியை வாசிப்பான். ஆதம் அடி வந்ததும் குழலை வாயிலிருந்து எடுத்துவிடுவான். தெருவெல்லாம் டிரம் மட்டும் கேட்கும். சிவகிரியில் ஒரு பெண் வீட்டுக்காரர், "ஆளு மூச்சு வாங்குதாரு, ஒரு சோடா ஒடைங்கடே" என்றார். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அவனுக்கில்லை, என் பேர் போட்ட பேண்ட் போர்டுக்கு.

பொறுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முகூர்த்தமாக என் கையை விட்டுப் போனது. எண்பத்தொன்றில் ஆவணிக்கு முன்னே அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "சங்கரலிங்கம்னு ஒரு கிளாரினெட்காரன் வாரான். அவனை ஜோடி சேத்துக்கோ. இல்லேன்னா சட்டையைத் தொவைச்சுக் குடுத்துரு."

"ஆதம் எடத்துல ஆளு நிறுத்தினா நான் வரலை அண்ணாச்சி."

"செத்தவனை வச்சு நான் பேண்ட் நடத்த முடியுமாலே?"

"அமெரிக்காக்காரன் நடத்துதாம்லா?"

என்னை எதிர்த்து அப்படிப் பேசிய ஒரே ஆள் அவன்.

அந்த மாதமே மதுரைக்குப் போய் ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் வாங்கி வந்தேன். இரண்டு வயரும் மாட்டுகிற மிஷின், வயருக்கொன்றாய் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. நம்ம ஊரில் எவனிடமும் அப்போது கிடையாது. அவனைக் குளிர வைக்கலாம் என்று முதலில் அவன் ரிக்கார்டைத்தான் போட்டேன்.

இடது பெட்டியில் பழைய ஆள் வாசித்து நிறுத்தினான். வலது பெட்டியில் இன்னொருத்தன் எடுத்துக்கொண்டான். எவன் விட்டான், எவன் பிடித்தான் என்று தெரியவில்லை.

"பாத்தியாலே! சாகலை, ரெண்டு பேரும் இருக்கான்!" என்று நான் கையைத் தட்டினேன்.

செல்லப்பா வலது பெட்டிக்கு முன்னால் போய்க் குந்தினான். "அண்ணாச்சி, அந்த எடது வயரைப் புடுங்கிரும்" என்றான். பிடுங்கினேன். இத்தனை வருஷம் நாங்கள் கேட்ட ஆள் அடங்கிப்போனான். செத்தவன் என்று நினைத்திருந்தவன் தனியாக வாசித்தான். முடியும்வரை செல்லப்பா அசையவில்லை.

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "அந்தக் கிளாரினெட்காரனை வரச் சொல்லும்" என்றான். "என் எடத்துல நிக்கட்டும். ஆதம் எடத்தை நான் பாத்துக்கிடுதேன்."

ஆவணி முதல் முகூர்த்தம் கரிவலம்வந்தநல்லூரில். முதல் அடியைச் சங்கரலிங்கம் வாசித்தான். மறு அடியைச் செல்லப்பா வாங்கினான். ஆதம் ஒரு அடியை முடிக்கும்போது கடைசிச் சுரத்தை லேசாகக் குழைத்து இறக்குவான். அது அப்படியே வந்தது. பாட்டு முழுசாகிவிட்டது. ஒருத்தனும் சோடா கேட்கவில்லை. அந்த வருஷம் என் பேண்டுக்குத் தேதி கிடைக்காமல் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் செல்லப்பா தன் அடியை அதற்குப் பிறகு வாசிக்கவே இல்லை. நான் அதட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். நான் கெஞ்சிய ஆள் உலகத்திலே அவன் ஒருத்தன்தான். "அது சங்கரலிங்கத்துக்குக் குடுத்தாச்சுல்லா" என்பான்.

எண்பத்தேழில் நெஞ்சுச் சளி முற்றி அவனும் போய்விட்டான். வாசலில் முக்காட்டோடு நின்ற ஜெய்னப், "எங்க வீட்டு ஆளு இன்னைக்குத்தான் போன மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்று அழுதாள். அவளுக்கு அப்படி. நான் யாரிடம் சொல்ல? செல்லப்பாவின் சொந்த வாசிப்பை நான் கடைசியாகக் கேட்டது அந்த ஆவணிக்கு முன்னால். எந்தக் கல்யாணத்தில், என்ன பாட்டு என்பதுகூட நினைவில்லை. கடைசி என்று தெரிந்திருந்தால் காது கொடுத்துக் கேட்டிருப்பேன்.